கண்களுக்காக எழுந்த கட்டடம்

மாற்றுத்திறனாளிகளுக்கேற்ற கட்டடம் என்றதும் வாசலில் ஒரு சாய்தளம் அமைப்பதோடு நம்மிற் பலரது சிந்தனை நின்றுவிடுகிறது. பத்திரிகைப் பணியில் நான் வாசித்த அறிக்கைகள் பலவும் அப்படியே. ஆனால் படிகளை எளிதில் ஏறக்கூடிய ஒருவருக்கும் கட்டடம் தடையாகலாம் என்பதற்குச் செவிப்புலனற்றோரின் வரலாற்றில் நல்ல சான்றுண்டு.

வாஷிங்டனிலுள்ள கலாடெட் பல்கலைக்கழகம் அவர்களுக்கென்றே அமைந்தது. அது பட்டம் வழங்குவதற்கு அனுமதியளித்த சட்டத்தில் 1864ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். எனினும் அடுத்த 124 ஆண்டுகளும் கேட்கும் திறனுடையோரே அதன் தலைவர்களாயிருந்தனர். 1988 மார்ச்சில் மீண்டும் அத்தகைய ஒருவரே தெரிவானபோது மாணவர்கள் கிளர்ந்தெழுந்து வாயில்களை மூடினர். ஒரு வாரத்தில் நிர்வாகம் பணிந்தது. செவிப்புலனற்றவரான ஐ. கிங் ஜோர்டன் தலைவரானார்.

தலைமை மாறியது; சுவர்கள் மாறவில்லை. சைகை மொழியில் உரையாடுவோர் ஒருவரையொருவர் பார்த்தபடியே நடக்க வேண்டும். ஒடுங்கிய நடைகூடத்தில் அது இயலாது. சுவர் மூலையில் எதிரே வருபவரின் காலடியோசை அவர்களுக்குக் கேட்பதில்லை. தள்ளித் திறக்கும் கதவு, பேசிக்கொண்டிருக்கும் கையை இடைமறிக்கிறது. பேசுபவரின் முதுகுப்புறமிருந்து வரும் கூசும் ஒளி, அவர் சொல்வதையே மறைத்துவிடுகிறது.

2005ஆம் ஆண்டு கட்டடக் கலைஞர் ஹான்சல் பௌமனுடன் பல்கலைக்கழகச் சமூகத்தினர் கூடியமர்ந்து, தமது அன்றாட அனுபவத்தையே வடிவமைப்புக்கு அடிப்படையாக்கினர். 'டெஃப்ஸ்பேஸ்' என்னும் முறை அதிலிருந்து பிறந்தது. அகன்ற நடைகூடம், வளைந்த மூலை, தானாகத் திறக்கும் கதவு, கண் கூசாத பரவிய ஒளி, கையசைவைத் தெளிவாகக் காட்டும் நீல, பச்சை நிறச் சுவர்கள் ஆகியன அதன் கூறுகள். எதிரொலியைக் குறைப்பதும் அவற்றுள் ஒன்று என்பது வியப்பூட்டலாம். செவிப்புலக் கருவி அணிவோருக்கு அறையின் எதிரொலி பெருந்தொல்லை. 2008இல் திறக்கப்பட்ட சோரன்சன் மொழி, தொடர்பாடல் நிலையம் இச்சிந்தனையின் ஆரம்பகால விளைவுகளுள் ஒன்று.

தலைமைக்கு 124 ஆண்டுகள் காத்திருந்த சமூகம், தனக்கேற்ற கட்டடத்துக்கு மேலும் 20 ஆண்டுகள் காத்திருந்தது.

இலங்கையிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், 2006ஆம் ஆண்டின் அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களுக்குரிய கடமையை எழுத்தில் வைத்துள்ளன. அவற்றை நடைமுறைப்படுத்துவோர், வரைபடம் கீறுமுன் கட்டடத்தைப் பயன்படுத்தப் போகிறவரை அருகில் அமர்த்திக் கேட்க வேண்டும். கலாடெட்டின் வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதுவே என நான் கருதுகிறேன்.