கல்லீரல் நோய்க்குப் பெயர் வைத்தவர்களும் அதை மாற்றியவர்களும்

கல்லீரலில் கோளாறு என்ற சந்தேகம் வந்தால், விலா எலும்புகளுக்கு இடையே ஓர் ஊசியைச் செலுத்தி, நூல் போன்ற சிறு துண்டை எடுப்பது மருத்துவர்களின் வழக்கமாக இருந்தது. கல்லீரலின் எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. ஊசியில் வருவதோ அதில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து இன்ன நோய் என்று எழுதிக் கொடுப்பவர் நோயியல் மருத்துவர். நோயாளி அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஆனால் என்ன மருந்து, எத்தனை காலம் என்பது பல வேளைகளில் அவர் எழுதும் ஒரு வரியைப் பொறுத்தே அமைகிறது. அந்த ஒரு வரிக்கும் ஒரு வரலாறு உண்டு.

ஜெர்மனியின் பால் எர்லிக் 1883-ஆம் ஆண்டிலேயே ஊசி வழியாகக் கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்தார். ஆனாலும் இரத்தக் கசிவுக்குப் பயந்து பலர் அதைத் தொடவில்லை. 1958-இல் இத்தாலியின் மெங்கினி, ஊசி கல்லீரலுக்குள் ஒரு விநாடி மட்டுமே இருந்தால் போதும் என்ற முறையைக் கொண்டுவந்தார். அதன் பிறகே திசு மாதிரிகள் வந்து குவியத் தொடங்கின.

குவிந்தவுடன் வேறொரு சிக்கல் எழுந்தது. ஒரே காட்சிக்கு ஒரு நாட்டில் ஒரு பெயர், அடுத்த நாட்டில் வேறு பெயர். ஒரு மருத்துவர் 'நாட்பட்ட கல்லீரல் அழற்சி' என்று எழுதினால், அது ஆபத்தானதா இல்லையா என்று படிப்பவருக்கு விளங்காது. இதைத் தீர்க்க ஐரோப்பிய நோயியல் மருத்துவர்கள் சிலர் சூரிக் நகரில் கூடினார்கள். பெல்ஜியத்தின் டி குரூட், டெஸ்மெட், லண்டனின் பீட்டர் ஷோயர், நாஜிகளுக்குத் தப்பி வியன்னாவிலிருந்து அமெரிக்கா சென்ற ஹான்ஸ் பாப்பர் ஆகியோர் அவர்களில் அடங்குவர். சூரிக் வங்கிக்காரர்களை 'நோம்கள்', அதாவது புதையல் காக்கும் குள்ள பூதங்கள் என்று ஆங்கிலேயர் கேலி செய்வதுண்டு. அந்தப் பட்டப்பெயர் இந்த மருத்துவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. பெரிய பேராசிரியர்கள்தாம், ஆயினும் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டனர்.

1968-இல் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் இவர்களின் வகைப்பாடு வெளிவந்தது. கல்லீரலுக்குள் இரத்தக் குழாய்களும் பித்தக் குழாயும் சேர்ந்து ஓடும் சிறு பாதைகள் உண்டு. அவற்றைச் சுற்றி வேலி போல ஒரு வரிசை உயிரணுக்கள் நிற்கும். அழற்சி வேலிக்குள் அடங்கியிருந்தால் அது 'நிலைத்த' அழற்சி, பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. வேலியை அரித்துக்கொண்டு வெளியே பரவினால் 'தீவிர' அழற்சி. இரண்டே பெயர்கள், மருத்துவர்களுக்கு எவ்வளவு வசதி! உலகமெங்கும் பாடப் புத்தகங்களில் இவை ஏறின.

பெயரைத் தொடர்ந்து சிகிச்சையும் வந்தது. 1971-இல் ஷீலா ஷெர்லாக் குழுவினர் லண்டனில் நடத்திய ஆய்வு, தீவிர வகையினருக்குப் பிரெட்னிசோலோன் மருந்து உயிர் காப்பதைக் காட்டியது. 1981-இல் ஹாங்காங்கிலிருந்து அதற்கு நேர்மாறான செய்தி வந்தது. ஹெபடைட்டிஸ் பி கிருமியால் தீவிர அழற்சி கண்டவர்களுக்கு அதே மருந்து தீங்கு செய்தது. நுண்ணோக்கியில் தோற்றம் ஒன்று, எழுதிய பெயரும் ஒன்று, காரணம் மட்டும் வேறு. உடல் தன்னைத் தானே தாக்குவதால் வரும் அழற்சிக்கு ஏற்ற மருந்து, கிருமியால் வரும் அழற்சிக்கு ஏற்கவில்லை. ஹெபடைட்டிஸ் பி பரவலாக இருந்த நம் வட்டாரத்துக்கு இது சிறிய செய்தியன்று. சிங்கப்பூர் 1987-லும் மலேசியா 1989-லும் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் தடுப்பூசித் திட்டத்தை விரிவாக்கின. அதற்கு முன் பிறந்தவர்களில் கிருமியைச் சுமப்போர் இன்றும் இருக்கிறார்கள்.

1989-இல் ஹெபடைட்டிஸ் சி கிருமி கண்டறியப்பட்டபோது மற்றொரு தூணும் ஆடியது. 'அஞ்ச வேண்டியதில்லை' என்று எழுதப்பட்டவர்களில் சிலருக்கும் ஆண்டுகள் செல்லச் செல்லக் கல்லீரல் சுருங்கிப்போனது. தாங்கள் போட்ட கோட்டைத் தாங்களே அழிக்கும் துணிவு வேண்டியிருந்தது. 1991-இல் ஷோயர், பழைய வகைப்பாட்டை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதினார். 1994-இல் வெளிவந்த புதிய முறையில் முதல் பெயர் டெஸ்மெட்டினுடையது. ஷோயரும் அதில் உண்டு. இருவருமே 1968-இல் பெயர் வைத்தவர்கள்! முதலில் காரணத்தை எழுது, பிறகு அழற்சியின் வேகத்தை எழுது, கடைசியாகத் தழும்பின் அளவை எழுது என்றது அந்த முறை. வீடு எரியும்போது தீ இப்போது எவ்வளவு மூண்டிருக்கிறது என்பது ஒன்று, எத்தனை அறை எரிந்துவிட்டது என்பது வேறொன்று அல்லவா?

சுமை விழுந்தது சாதாரண மருத்துவமனைகளின் நோயியல் மருத்துவர்கள் மீது. தேர்வு எழுதித் தேறி இருபது ஆண்டு ஆனவர்கள் மீண்டும் மாணவர்களாக அமர்ந்தார்கள். பலர் சேர்ந்து பார்க்கும் நுண்ணோக்கியைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே சில்லுக்குத் தனித்தனியே மதிப்பெண் எழுதி, ஏன் வேறுபட்டது என்று வாதிட்டார்கள். அவரவர் கண் அவரவருக்குச் சரிதான், ஒப்பிட்டால்தான் பிசகு தெரியும்.

இப்போது ஒலி அலைக் கருவியால் கல்லீரலின் இறுக்கத்தை அளக்க முடிவதால் ஊசி போடுவது குறைந்துள்ளது. ஊசி தேவைப்படுவது பெரும்பாலும் மற்றச் சோதனைகளில் விடை கிடைக்காதவர்களுக்கே. பழைய கோப்புகளில் 'நிலைத்த அழற்சி' என்ற சொல் இன்னும் கிடக்கலாம். அதைக் காணும் மருத்துவர், மெழுகுக் கட்டி பத்திரமாக இருந்தால், மீண்டும் ஒரு சீவல் வெட்டிப் பார்க்கும்படி கேட்கலாம்.