கடனும் விழைவும் நடையும்: ஆங்கிலத்தில் எதிர்காலம் பிறந்த வரலாறு

காலம் மூன்று என்பது தொல்காப்பியர் நாள்தொட்டுத் தமிழ் இலக்கணம் கண்ட முடிபு. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்னும் மூன்றனுள் எதிர்காலத்துக்கெனப் பகரத்தையும் வகரத்தையும் இடைநிலைகளாகக் காட்டியது நன்னூல். ‘வருவேன்’ என்னும் ஒரு சொல்லுக்குள் வினையும் காலமும் இடமும் எண்ணும் அடங்கிவிடுகின்றன. இந்தச் செட்டான வடிவத்தில் பேசிப் பழகிய தமிழ் மாணவன் ஆங்கில வகுப்பிற்குள் நுழைகிறான். நேற்றைய செயலைச் சொல்ல அங்கே வினைச்சொல் உருமாறுகிறது. நாளைய செயலுக்கோ வினைச்சொல் அசையாமல் நிற்க, அதன் முன்னே வேறொரு சொல் வந்து அமர்கிறது. ‘ஷல்’, ‘வில்’, ‘கோயிங் டு’ என அச்சொற்கள் பல. எந்த இடத்தில் எது என்பதே பயிற்சி ஏடுகளில் பக்கம் பக்கமாக நீளும் வினா. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் அந்த எளிய வினாவுக்குப் பின்னே ஆயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது.

கடனும் விழைவும்

பழைய ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்கு இரண்டே காலவடிவங்கள் இருந்தன. ஒன்று இறந்தகாலம், மற்றொன்று இறவாக்காலம். நிகழ்வதையும் இனி நிகழவிருப்பதையும் அந்த இரண்டாம் வடிவமே சுமந்தது. ‘நாளை’ போன்ற சொற்களும் பேச்சின் சூழலும் பொருளைத் தெளிவித்தன. கி.பி. 1000ஐ ஒட்டி வாழ்ந்த ஆல்ஃப்ரிக் என்னும் துறவி, இலத்தீன் இலக்கணத்தைத் தம் தாய்மொழியிலேயே எழுதினார். இலத்தீனில் எதிர்காலத்துக்குத் தனி விகுதி உண்டு; அவர் மொழியில் இல்லை. ஆகவே இலத்தீனின் எதிர்கால வினையை விளக்க, நிகழ்கால வினையையே எழுதி, இப்போதோ வேறொரு நேரத்திலோ என்னும் பொருள்படச் சில சொற்களைச் சேர்த்தார். இல்லாத வடிவத்தை அவர் செயற்கையாகப் படைக்க முற்படவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்ப மக்கள் பேச்சிலிருந்து இரு சொற்கள் முன்வந்தன. ஒன்று ‘ஸ்குலன்’, இன்றைய ‘ஷல்’. அதன் தொடக்கப் பொருள் கடன்படுதல். அதன் உறவுச் சொல்லான ‘ஷுல்ட்’ ஜெர்மன் மொழியில் கடன், குற்றம் என்னும் இருபொருளையும் இன்றளவும் தருகிறது. வாங்கிய பொருளையும் ஆற்றவேண்டிய கடமையையும் ‘கடன்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கும் தமிழர்க்கு இந்தப் பொருள் வளர்ச்சி வியப்பளிக்காது. செய்யக் கடன்பட்டவன் செய்வான் என்னும் எதிர்பார்ப்பே மெல்ல மெல்ல எதிர்காலமாயிற்று.

மற்றொன்று ‘வில்லன்’, இன்றைய ‘வில்’. அதன் பொருள் விழைதல். செய்ய விழைபவன் செய்வான் என்பது அதன் வழி. அந்த வினையோடு பிறந்த பெயர்ச்சொல்லே மனத்திண்மையையும், இறப்பவர் எழுதிவைக்கும் விருப்ப ஆவணத்தையும் குறிக்கலாயிற்று. அதுவே தமிழில் ‘உயில்’ என வழங்குகிறது. பத்திர அலுவலகத்தில் உயில் எழுதும் தமிழர், ஆங்கில எதிர்காலத்தின் வேர்ச்சொல் ஒன்றைத் தம்மையறியாமலே கையாள்கிறார் எனலாம்.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்லிஃபின் பெயரால் வழங்கும் விவிலிய மொழிபெயர்ப்பு உருவானபோது, இலத்தீன் எதிர்காலத்துக்கு நேராகப் பெரும்பாலும் ‘ஷல்’ அமைந்தது. மன்னர் ஜேம்சு காலத்தில் 1611இல் வெளிவந்த மொழிபெயர்ப்பிலும் பத்துக் கட்டளைகள் அச்சொல்லாலேயே ஒலித்தன. கட்டளையும் முன்னுரைத்தலும் ஒரே சொல்லில் உறைந்தன. மக்கள் பேச்சிலோ ‘வில்’ மெல்ல மேலோங்கிக்கொண்டிருந்தது.

நடந்து வந்த மூன்றாவது சொல்

கடனும் விழைவும் போதாதென்று, நடையும் எதிர்காலத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு செயலைச் செய்வதற்காக ஓரிடம் நோக்கிப் போய்க்கொண்டிருத்தல் என்பதே ‘கோயிங் டு’ என்னும் தொடரின் முதற்பொருள். 1482இல் அச்சான ஈவ்ஷாம் துறவியின் காட்சி நூலில், பகைவர் கூட்டம் ஓர் உயிரை நரகத்துக்கு இட்டுச்செல்லும் இடத்தில் இத்தொடர் வருகிறது. அங்கே உயிர் நடக்கவும் செய்கிறது. அதற்கு நேரவிருப்பதும் தெரிகிறது. நடை காலமாக மாறும் வாயிலில் அத்தொடர் நிற்கிறது. 1646இல் ஜோஷுவா பூல் எழுதிய இலக்கண நூல் இதனை எதிர்காலக் குறியாகவே கொண்டது. அவர் தந்த எடுத்துக்காட்டு, இறக்கும் தறுவாயிலிருந்த தந்தை மகனுக்கு அறிவுரை சொன்னதைப் பற்றியது. படுக்கையிலிருப்பவர் எங்கும் நடப்பதில்லை. நடைப்பொருள் அங்கே முற்றும் தேய்ந்துவிட்டது.

தமிழும் இவ்வழியை அறியும். ‘மழை பெய்யப் போகிறது’ என்பதில் மழை எங்கும் போவதில்லை. விடைபெறுவோர் ‘போய் வருகிறேன்’ என நிகழ்காலத்தில் எதிர்காலத்தைச் சொல்கின்றனர். இன்னும் புறப்படாதவர் ‘இதோ வந்துவிட்டேன்’ என்று இறந்தகாலத்தில் சொல்வதும் உண்டு. விரைவு பற்றி வாராக்காலம் இறந்தகாலமாகச் சொல்லப்படுவதைத் தொல்காப்பியரே ஏற்றுக்கொண்டார். பின்வந்தோர் அதனைக் கால வழுவமைதி என்றனர். வழு என்று ஒதுக்காமல் அமைதி என்று ஏற்ற அந்தப் பெருந்தன்மை ஆங்கில இலக்கண வரலாற்றில் எளிதில் வாய்க்கவில்லை.

கணித அறிஞர் வகுத்த விதி

1653இல் ஜான் வாலிஸ் என்பார் ஆங்கில மொழிக்கு இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். இவர் ஆக்ஸ்போர்டில் வடிவியல் பேராசிரியர். உள்நாட்டுப் போரின்போது நாடாளுமன்றத் தரப்புக்காக மறையெழுத்துகளை விடுவித்தவர். 1655இல் முடிவிலிக்கு இன்றுள்ள குறியை அறிமுகம் செய்தவர். ஆங்கிலம் கற்கும் அயலவர்க்கு உதவுதல் அவர் நோக்கம். ‘ஷல்’, ‘வில்’ இரண்டையும் அவர் கணக்கைப் போலப் பிரித்துத் தந்தார். தன்மையில் ‘ஷல்’ வெறும் முன்னுரைப்பு. ‘வில்’ வாக்குறுதி அல்லது மிரட்டல். முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாகும்: ‘வில்’ முன்னுரைப்பு, ‘ஷல்’ பேசுவோன் அளிக்கும் வாக்கு அல்லது விதிக்கும் கட்டளை.

1762இல் ராபர்ட் லௌத் இவ்விதியை எடுத்துரைத்தார். 1765இல் வில்லியம் வார்டு விரித்துரைத்தார். 1795இல் வெளிவந்த லிண்ட்லி மரேயின் இலக்கணம் இத்தகைய விதிகளைப் பள்ளிகள்தோறும் பரப்பியது. அயலவர்க்குத் துணையாகப் பிறந்த விதி, உள்நாட்டாரை அளக்கும் கோலாயிற்று. ஸ்காட்லாந்தினரும் அயர்லாந்தினரும் தத்தம் வழக்கில் இவ்வேறுபாட்டைக் கொள்ளாமையால் எள்ளலுக்கு ஆளாயினர். ஆற்றில் விழுந்த ஒருவன் ‘ஐ வில் டிரௌன், நோபடி ஷல் சேவ் மீ’ என்று கதறினானாம். மூழ்கிவிடுவேன், காப்பாற்ற எவருமில்லை என்பதே அவன் சொல்ல நினைத்தது. விதியறிந்தோர் அதனை ‘மூழ்கியே தீருவேன், எவரும் என்னைக் காப்பாற்றக் கூடாது’ என்று கொண்டு, அவன் விருப்பத்துக்கு மதிப்பளித்துக் கரையில் நின்றனராம். இக்கதை நீண்டகாலம் வகுப்பறை நகைச்சுவையாக வழங்கியது. இலக்கணப் பிழைக்கு உயிரே விலையாவதில் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எண்ணியோர் சிலரே.

1906இல் ஃபௌலர் உடன்பிறப்பினர் தம் நூலில் இவ்விரு சொற்களுக்குப் பல பக்கங்களை ஒதுக்கினர். தென் இங்கிலாந்தில் பிறந்தவர்க்கு இது இயல்பாக வரும். பிறர் கற்றுத் தேறுவது அரிது என்பது அவர்கள் கருத்து. கற்றால் வராத ஒன்றைக் கற்பிக்கும் விதி என்ன விதி என்னும் ஐயம் அங்கேயே முளைவிட்டது. 1925இல் அமெரிக்க அறிஞர் சார்லஸ் ஃப்ரைஸ், 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலான ஆங்கில நாடகங்களை எடுத்துச் சொல் சொல்லாக எண்ணினார். தன்மையிலும் ‘வில்’லே மிகுதியாக வழங்கியதை அவர் கண்டார். விதி சொன்னதும் மக்கள் பேசியதும் வெவ்வேறு. டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சனோ, ஆங்கிலத்தில் எதிர்காலம் என்னும் வினைவடிவமே இல்லை, எதிர்காலத்தைச் சொல்லும் வழிகளே உள்ளன என்றார். 2002இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் பேரிலக்கணமும் அம்முடிவையே கொண்டது. ஆல்ஃப்ரிக் நின்ற இடத்துக்கே ஆயிரம் ஆண்டுக்குப் பின் அறிஞர் மீண்டனர்.

இதற்கிடையே வாலிஸின் விதி கடல் கடந்து இந்திய வகுப்பறைகளில் குடியேறிவிட்டது. 1930களில் வெளிவந்த ரென், மார்ட்டின் இருவரின் இலக்கணம் அதனைத் தலைமுறை தலைமுறையாகப் பயிற்றுவித்தது. இலண்டன் தெருவில் தேய்ந்துவிட்ட வேறுபாட்டைக் காவிரிக்கரை மாணவர் மனப்பாடம் செய்தனர்.

பயிற்சியும் மொழிபெயர்ப்பும்

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பயிற்சி நூல்களின் போக்கு மாறியது. 1985இல் வெளியான ரேமண்ட் மர்ஃபியின் நூல் இடப்பக்கம் விளக்கமும் வலப்பக்கம் பயிற்சியுமாக அமைந்தது. தன்மையா படர்க்கையா என்னும் கேள்விக்கு மாற்றாக, பேசுவோன் எதிர்காலத்தை எவ்வாறு காண்கிறான் என்பதே இத்தகைய நூல்களில் அடிப்படையாயிற்று. பேசும் கணத்தில் எடுத்த முடிவுக்கு ‘வில்’. முன்னரே கொண்ட முடிவுக்கும் கண்முன் தெரியும் அறிகுறிக்கும் ‘கோயிங் டு’. பிறரோடு செய்துகொண்ட ஏற்பாட்டுக்கு நிகழ்காலத் தொடர்வினை. புகைவண்டி அட்டவணை போன்றவற்றுக்கு வெறும் நிகழ்காலம்.

கவிதையை மொழிபெயர்ப்போர்க்கு இப்பயிற்சி விளையாட்டன்று. ‘வருவேன்’ என்று ஒரு தலைவன் சொன்னால், அது ஆணையா, முன்பே கொண்ட திட்டமா, அக்கணத்தில் பிறந்த ஆறுதலா எனத் தமிழ்ச்சொல் வெளிப்படையாகக் கூறாது. கூறாமையே அதன் அழகாகவும் இருக்கலாம். ஆங்கிலமோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. தேர்ந்த மாத்திரத்தில் காத்திருப்பவளின் துயரமும் மாறிவிடுகிறது. மறுபுறம், ‘அந்நாளில் அவர் விடியலில் எழுவார்’ எனப் பழைய வழக்கத்தைத் தமிழ் எதிர்கால வடிவத்தில் சொல்வதுபோல, ஆங்கிலம் ‘வில்’லின் இறந்தகால வடிவமான ‘வுட்’ என்பதால் சொல்கிறது. இங்கு இரு மொழிகளும் கைகோத்துக்கொள்கின்றன.

ஒரு துணைவினையின் விலை

இச்சிறு சொற்கள் வகுப்பறையோடு நின்றுவிடவில்லை என்பதற்குத் தமிழக வரலாறே சான்று. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று 1959இல் நேரு வாக்களித்தார். 1963இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது, 1965 ஜனவரி 26க்குப் பின்னும் ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படுவது குறித்த இடத்தில் ‘மே’ என்னும் துணைவினை இருந்தது. ‘தொடரலாம்’ என்பது அதன் பொருள். தொடரலாம் என்றால் தொடராமலும் இருக்கலாம். ஆகவே ‘ஷல்’ வேண்டும் என்றது தி.மு.கழகம். அப்போது மாநிலங்களவை உறுப்பினராயிருந்த அண்ணா அச்சட்டத்தை எதிர்த்து வாதிட்டார். அவ்விடத்தில் ‘மே’ என்பதற்கு ‘ஷல்’ என்றே பொருள் என்று ஆட்சித் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. அப்படியானால் ‘ஷல்’ என்றே எழுதலாமே என்பது எழுந்த எதிர்வினா. எழுத்தில் மாற்றம் வரவில்லை.

1964 மே மாதம் நேரு மறைந்தார். வாக்களித்தவர் இல்லை; ‘மே’ என்னும் சொல் மட்டும் சட்டத்தில் நின்றது. 1965 ஜனவரியில் மாணவர் வீதிக்கு வந்தனர். தீக்குளிப்பும் துப்பாக்கிச்சூடும் பல உயிர்களைக் கொண்டன. நடுவண் அமைச்சர்களான சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் தந்தனர். 1967இல் திருத்தச் சட்டம் நிறைவேறியது. முதற்பிரிவில் ‘மே’ அப்படியே இருந்தது. ஆனால் இந்தியை ஏற்காத மாநிலங்களோடு ஒன்றிய அரசு நடத்தும் தொடர்புக்கு ஆங்கிலம் என்னும் இடத்தில் ‘ஷல்’ வந்தது. அம்மாநிலச் சட்டமன்றங்கள் அனைத்தும் தீர்மானம் இயற்றும்வரை இந்நிலை நீடிக்கும் என்னும் இடத்திலும் ‘ஷல்’ வந்தது. அன்றாடப் பேச்சில் ஓய்ந்துபோன அப்பழஞ்சொல், கடன் என்னும் தன் முதற்பொருளோடு சட்டத்தில் எழுந்து நின்றது.

விருப்பத்தை மட்டும் சொல்லும் எதிர்காலத்துக்கும் கடனாக ஏற்கும் எதிர்காலத்துக்கும் உள்ள தொலைவை அந்த ஆண்டுகளின் தமிழர் இலக்கண ஏட்டிற்கு வெளியே கற்றனர். இன்றும் ஏதோ ஒரு வகுப்பறையில் ஒரு மாணவி கோடிட்ட இடத்துக்கு முன்னே எழுதுகோலுடன் தயங்கி நிற்கிறாள். அவள் தயக்கத்தை அறியாமை என்று எவரும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆல்ஃப்ரிக்கும் வாலிஸும் நாடாளுமன்றமும் தயங்கிய இடம் அது.