ஹெக்டரின் கட்டிலருகே அந்த்ரொமாக்கி

கிரேக்க, உரோமானியப் பழங்கலையின் ஒழுங்கையும் அடக்கத்தையும் முன்மாதிரியாகக் கொண்டு 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவில் பரவிய ஓவியப் பாணி புதுச்செவ்வியல் எனப்படும். அப்பாணியின் முதன்மை ஓவியரான ழாக் லூயி டாவிட் 1783-இல் வரைந்த, கணவன் ஹெக்டரின் உடலருகே அந்த்ரொமாக்கி துயருறும் ஓவியம், உண்மையில் ஒரு தேர்வுக்காகத் தீட்டப்பட்டது. 1648-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு அரச ஓவிய, சிற்பக் கழகத்தில் சேர விரும்புவோர் முதலில் தற்காலிக ஏற்பைப் பெற்று, அதன்பின் கழகத்துக்கே உரிமையாகிவிடும் 'ஏற்புப் படைப்பு' ஒன்றை ஒப்படைத்தால்தான் முழு உறுப்பினராக முடிந்தது. 1781-இல் முதற்படியைக் கடந்திருந்த டாவிட், இரண்டாம் படிக்காகவே 275 செ.மீ. உயரமும் 203 செ.மீ. அகலமும் உடைய இந்தக் கித்தானை எடுத்துக்கொண்டார்.

ஹோமரின் இலியட் காப்பியத்தில் இறுதியாகிய 24-ஆம் காண்டமே இதன் கதைக்களம். ஹெக்டரைக் கொன்ற கிரேக்க வீரன் அக்கிலீசிடமிருந்து திராயின் முதிய மன்னன் பிரியாம் மீட்டுவந்த மகனின் உடலைக் கட்டிலில் கிடத்தியபின், பாடுவோர் ஒப்பாரியைத் தொடங்க, அந்த்ரொமாக்கியும் ஹெக்டரின் தாய் ஹெக்குபாவும் அவன் தம்பியின் மனைவி ஹெலனும் ஒருவர்பின் ஒருவராகப் புலம்புகின்றனர். ஊர்கூடி அழும் இழவு அது. உரோமில் வாழ்ந்த ஸ்காட்லாந்து ஓவியர் கேவின் ஹாமில்டன் இதே காட்சியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னரே வரைந்தபோது, கட்டிலைச் சுற்றிப் பலரை நிறுத்தியிருந்தார். 1764-இல் வெளியான செதுக்கோவியப் படியின் வழியே அது பரவலாக அறியப்பட்டிருந்தது. டாவிடோ கூட்டத்தை முற்றாக விலக்கி, பிணத்தையும் மனைவியையும் அவர்களின் சிறுமகன் அஸ்தியானக்சையும் மட்டும் இருண்ட அறைக்குள் வைத்ததால், ஊரின் இழவு ஒரு குடும்பத்தின் துயரமாகச் சுருங்கியது. ஓவியத்தின் வலிமையும் அங்கேதான் இருக்கிறது.

மேல்நோக்கிய அந்த்ரொமாக்கியின் கண்களில் நாடக மேடையின் சாயல் சற்று மிகுதி என்றே சொல்ல வேண்டும். அதைவிடத் தரையில் கிடக்கும் தலைக்கவசம் கூடுதலாகப் பேசுகிறது. இலியட்டின் 6-ஆம் காண்டத்தில், போருக்குப் புறப்படும் தந்தையின் கவசக் குஞ்சத்தைக் கண்டு குழந்தை அஞ்சியலற, ஹெக்டர் சிரித்தபடி அதைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு மகனைத் தூக்குகிறான். இங்கும் கவசம் தரையில்தான் இருக்கிறது; குழந்தை தாயை நோக்கிக் கை நீட்டுகிறான். கட்டிலின் பக்கவாட்டில் அந்தப் பிரிவும் ஹெக்டரின் இறப்பும் புடைப்புச் சிற்பங்களாகக் காட்டப்பட்டுள்ளன.

திராய் நகர் இருந்த இடத்தில் பெரும் அகழாய்வு தொடங்கியதே 1870-களில் என்பதால், அதன் அறைகலன்கள் எப்படியிருந்தன என்பதை டாவிட் அறிய வழியில்லை. 1775 முதல் 1780 வரை உரோமில் தங்கி அவர் வரைந்து பழகிய பழம்பொருள்களும், பிணப்பேழைகளில் செதுக்கப்பட்ட இழவுக் காட்சிகளுமே அக்குறையை நிரப்பின. ஆகவே திராய் வீரன் உரோமானியக் கட்டிலில் கிடக்கிறான்.

தேர்வில் டாவிட் வென்றார். மறு ஆண்டிலேயே தீட்டிய 'ஹொராத்தியர் சூளுரை' ஓவியத்தில் அழும் பெண்களை ஓரத்துக்கு ஒதுக்கி, வாளேந்திய ஆடவரை முன்னிறுத்தினார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், தம்மை ஏற்ற அதே கழகத்தைக் கலைக்க வேண்டுமென முன்னின்று வாதிட்டவரும் அவரே. 1793 ஆகஸ்டில் அது கலைக்கப்பட்டது. கழகத்துக்குரியதாயிருந்த அந்த்ரொமாக்கி ஓவியம் இன்று பாரிஸ் நுண்கலைப் பள்ளியின் உடைமையாக, லூவர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ளது.