உறங்கும் எரிமலையும் காணச் செல்வோரும்

தீயைக் கக்கும் மலையைக் கண்டால் எவரும் தாமே விலகி நிற்பர். அமைதியாகத் தோன்றும் எரிமலையிடமே மனிதர் ஏமாந்திருக்கின்றனர். இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் நாட்டுக் கடலிலேயே உண்டு.

அந்தமான் தலைநகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பாரன் தீவு. அதன் குறுக்களவு சுமார் 3 கிலோமீட்டரே. மக்கள் குடியிராத இத்தீவு, கடலடியிலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் எழுந்து நிற்கும் எரிமலையொன்றின் உச்சியாகும்.

அது கனன்றதைப் பற்றிய முதற்குறிப்பு 1787 ஆம் ஆண்டினது. 1789 இல் கடலளவைப் பணியில் ஈடுபட்டிருந்த ஆர்ச்சிபால்ட் பிளேர், புகையும் செந்தணற் கற்களும் எழக் கண்டார். 1832 க்குப் பின் மலை அடங்கிற்று. பல தலைமுறைகள் கழிந்தன. அணைந்துபோன மலை என்றே எவரும் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் 1991 இல், 159 ஆண்டுகளுக்குப் பின், அது மீண்டும் விழித்தது. தீக்குழம்பு கடல்வரை ஓடிற்று. அதன்பின் பலமுறை சீறியிருக்கிறது.

2017 ஜனவரி 23 அன்று, அருகே கடலடி மண்ணைச் சேகரித்துக்கொண்டிருந்த தேசியக் கடலாய்வு நிறுவனத்தாரின் கண்முன்னே மலை திடீரெனச் சாம்பலைக் கக்கிற்று. அவர்கள் ஒரு மைல் தொலைவிலிருந்து அதனைக் கவனித்தனர். பகலில் சாம்பல் மேகம் மட்டுமே தெரிந்தது. கதிரவன் மறைந்தபின் செந்நிறத் தீக்குழம்பு ஊற்றெனப் பாய்வதும் சரிவில் வழிவதும் புலப்பட்டன. அறிவைத் தேடிச் சென்றோரும் தொலைவைக் கைவிடவில்லை.

தொலைவு இல்லாதவிடத்து நேர்ந்ததை நியூசிலாந்தின் வெள்ளைத் தீவு காட்டிற்று. 2019 நவம்பரில் அங்கு எச்சரிக்கை நிலை உயர்த்தப்பட்டது; ஆயினும் சுற்றுலா நிற்கவில்லை. டிசம்பர் 9 அன்று எரிமலை வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தனர். அவர்களுள் 22 பேர் மாண்டனர். அன்று அவர்களைத் தாக்கியது தீக்குழம்பன்று. மண்ணுக்கடியில் அடைபட்டிருந்த நீர் ஆவியாகிச் சாம்பலோடும் கல்லோடும் வெடித்ததே. அத்தகைய வெடிப்பு முன்னறிவிப்பின்றியே நேரலாம்.

ஆதலின் எரிமலை காணச் செல்வோர், புறப்படும் நாளிலேயே எச்சரிக்கை நிலையைக் கேட்டறிதல் வேண்டும். வாய்முகத்தின் விளிம்பை நெருங்கலாகாது. காற்று வீசிவரும் பக்கத்தில் நிற்பதே நலம். நச்சாவி தேங்கக்கூடிய பள்ளங்களில் இறங்கலாகாது. காவலர் திரும்புக என்றால், செலவிட்ட பணத்தை எண்ணித் தயங்காது உடனே திரும்புதல் வேண்டும்.

பாரன் தீவைக் காண விழைவோர் உரிய அனுமதி பெற்றுக் கப்பலிலிருந்தே கண்டு திரும்புதல் தகும். கரையில் கால் வைக்கவில்லையே என்னும் குறை சிலருக்குத் தோன்றலாம். 159 ஆண்டு உறங்கி எழுந்த மலை அது என்பதை நினைவிற் கொண்டால், அக்குறை தோன்றாது.