ஜிஸ்ட்: இரைப்பை, குடல் தாங்குதிசுக் கட்டி

ஜிஸ்ட் என்பது உணவுப் பாதையின் சுவரில் தோன்றும் அரிய வகைப் புற்றுநோய். இரைப்பைப் புற்றுநோய், குடல் புற்றுநோய் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை உட்புறச் சளிச்சவ்வில் பிறப்பவை. ஜிஸ்ட் அதற்கும் அடியில், தசை அடுக்கில் பிறக்கிறது. அதனால் இது சார்கோமா எனப்படும் இணைப்புத்திசுப் புற்றுநோய்களோடு சேர்த்து எண்ணப்படுகிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ 10 முதல் 15 பேருக்கு வருகிறது. பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோ தெரியவரும். கட்டிகளில் பாதிக்கு மேல் இரைப்பையிலும், மூன்றில் ஒரு பங்கு சிறுகுடலிலும் உண்டாகின்றன. மலக்குடலில் வருவது குறைவு; உணவுக்குழாயில் வருவது அபூர்வம்.

லட்சம் பேரில் ஆண்டுக்கு 6 பேருக்கும் குறைவாக வரும் புற்றுநோயை ஐரோப்பாவில் அரியது என்று கணக்கிடுகிறார்கள். தனித்தனியே பார்த்தால் இவை சொற்பம். சேர்த்துப் பார்த்தால் அங்கே புதிதாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வந்துவிடும். அந்தக் கூட்டத்தில் ஜிஸ்ட்டுக்குத் தனி இடம் உண்டு. 2000ஆம் ஆண்டு வரை, அறுவை சிகிச்சையால் எடுக்க முடியாத ஜிஸ்ட்டுக்கு வைத்தியமே இல்லை என்று சொல்லலாம். கீமோவுக்கும் அது மசியவில்லை, கதிர்வீச்சுக்கும் மசியவில்லை. இரண்டே ஆண்டுகளில் அந்த நிலை மாறியது. அதற்குக் காரணம் வீரியமான மருந்து மட்டுமல்ல. அதற்கு முன்பே ஒரு ஆய்வகத்தில் நோயைச் சரியாக அடையாளம் கண்டிருந்தார்கள்.

கட்டி பிறக்கும் செல்

இரைப்பையும் குடலும் சீரான தாளத்தில் சுருங்கி விரிகின்றன. இரைப்பையில் இந்தத் தாளம் நிமிடத்துக்கு மூன்று முறை, முன்சிறுகுடலில் சுமார் பன்னிரண்டு முறை. தாளத்தை எழுப்புபவை தசைகளுக்கிடையே வலைபோல் பரவியிருக்கும் கஹால் செல்கள். 1906இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ கஹால் இவற்றை விவரித்ததால் இந்தப் பெயர். ஜிஸ்ட் இந்தச் செல்களிலிருந்தோ இவற்றின் முன்னோடிச் செல்களிலிருந்தோ உண்டாகிறது.

கஹால் செல்லின் மேற்பரப்பில் ‘கிட்’ என்ற ஏற்பிப் புரதம் இருக்கிறது. வெளியிலிருந்து உரிய வளர்ச்சிப் பொருள் வந்து ஒட்டினால்தான் அது செல்லுக்குள் ‘பெருகு’ என்று சைகை அனுப்பும். கிட் மரபணுவில் குறிப்பிட்ட இடத்தில் பிறழ்வு ஏற்பட்டால், அமுக்கிய பொத்தான் சிக்கிக்கொண்ட அழைப்புமணி போல அந்தச் சைகை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். ஜிஸ்ட் நோயாளிகளில் நான்கில் மூன்று பேருக்கு இதுதான் மூலகாரணம். இன்னொரு பத்து சதவீதத்தினருக்கு அதன் உறவுப் புரதமான பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ.வில் பிறழ்வு இருக்கும். இந்தப் பிறழ்வுகள் பெரும்பாலும் கட்டிக்குள் மட்டுமே ஏற்படுபவை. பெற்றோரிடமிருந்து வருவது மிக அரிது. புகைப்பதாலோ உணவுப் பழக்கத்தாலோ வந்தது என்று நோயாளி தன்னை நொந்துகொள்ளவும் இடமில்லை. அப்படி ஒரு தொடர்பு நிறுவப்படவில்லை.

அடையாளம் கண்ட வரலாறு

நுண்ணோக்கியில் பார்த்தால் ஜிஸ்ட் செல்கள் பெரும்பாலும் கதிர் வடிவில் நீண்டு, கற்றைகற்றையாகக் கிடக்கும். தசைக் கட்டியும் நரம்புறைக் கட்டியும் கூட அப்படித்தான் தெரியும். எனவே பல்லாண்டுகளாக இவற்றைத் தசைக் கட்டிகள் என்றே அறிக்கையில் எழுதிவந்தார்கள். 1983இல் மசூர், கிளார்க் ஆகிய இரு அமெரிக்க நோய்க்குறியியலாளர்கள், இவற்றில் பல உண்மையில் தசையைச் சேர்ந்தவையல்ல என்று கண்டு, ‘தாங்குதிசுக் கட்டி’ என்ற பொதுப்பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தனர். அது விடை அல்ல, விடை தெரியாததை ஒப்புக்கொண்ட பெயர். விடை 1998இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஹிரோட்டாவும் அவருடைய குழுவினரும் இந்தக் கட்டிகளில் கிட் பிறழ்வைக் கண்டுபிடித்தனர். அதற்குமுன் எத்தனை பேருக்கு ஜிஸ்ட் இருந்தது என்பதற்குப் பழைய புற்றுநோய்ப் பதிவேடுகளில் நம்பகமான கணக்குக் கிடைக்காததும் இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான்.

இன்னொரு வியப்பும் உண்டு. ஜெர்மனியில் ஐம்பது வயதைக் கடந்தவர்களின் பிரேதப் பரிசோதனைகளில், ஐந்தில் ஒருவருக்கு மேல் இரைப்பையில் மில்லிமீட்டர் கணக்கிலான ஜிஸ்ட் புள்ளிகள் தென்பட்டன. அவற்றிலும் கிட் பிறழ்வு இருக்கலாம். ஆனாலும் அநேகமாக எல்லாமே வளராமல் அப்படியே நின்றுவிடுகின்றன. ஆக, அரிதாக இருப்பது கட்டியின் தொடக்கம் அல்ல, அது புற்றாக முதிர்வதுதான்.

அறிகுறியும் பரிசோதனையும்

சிறிய கட்டி எந்தத் தொந்தரவும் தராது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் அகப்படும். பெரிதானால் வயிறு நிரம்பிய உணர்வு, வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி ஆகியவை தோன்றலாம். முக்கியமான அறிகுறி ரத்தக் கசிவு. மலம் தார்போல் கறுத்துப் போகும், அல்லது காரணம் புரியாத ரத்தசோகையும் களைப்பும் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் கசிவு எங்கே என்று தேடுவதுதான் முறை.

எண்டோஸ்கோப்பியில் ஒரு பொறி இருக்கிறது. கட்டி சளிச்சவ்வுக்குக் கீழே இருப்பதால், குழாயின் வழியே பார்ப்பவருக்கு வழவழப்பான ஒரு மேடு மட்டுமே தெரியும். அதன்மேல் இடுக்கியால் கிள்ளி எடுத்த துணுக்கில் நல்ல சளிச்சவ்வுதான் வரும். பயாப்சி அறிக்கை ‘நார்மல்’ என்று சொல்லும். அதை நம்பி விட்டுவிடக் கூடாது. எண்டோஸ்கோப்பி முனையிலேயே அல்ட்ராசவுண்ட் பொருத்தி, மேட்டுக்குள் ஊசி செலுத்தித் திசு எடுக்க வேண்டும். எடுத்த திசுவுக்கு சி.டி.117, டாக்1 என்ற இரண்டு சாயப் பரிசோதனைகள் செய்கிறார்கள். சி.டி.117 பரிசோதனையில், கிட் புரதம் உள்ள செல்கள் பழுப்பாகச் சாயம் ஏறி நிற்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கட்டிகளில் சி.டி.117 இப்படித் தெரிந்துவிடும்.

அறுவை சிகிச்சை

பரவாத ஜிஸ்ட்டுக்கு இன்றும் முதல் சிகிச்சை கத்திதான். கட்டியைச் சுற்றி மெல்லிய போலி உறை ஒன்றுதான் இருக்கும். அது கிழிந்தால் செல்கள் வயிற்றறை முழுக்கச் சிந்தி, நோய் திரும்பும் அபாயம் மிகவும் கூடிவிடும். எனவே கட்டியைப் பிடித்து இழுக்காமல் முழுசாக எடுப்பதில்தான் கை வண்ணம் இருக்கிறது. வழக்கமான ஜிஸ்ட் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது அரிது. கல்லீரலுக்கும் வயிற்றறை உறைக்கும்தான் போகும். ஆகவே கணுக்களை அகற்றும் பெரிய அறுவை இங்கே தேவைப்படுவதில்லை.

நோய் திரும்புமா என்பதைக் கட்டியின் அளவு, செல் பிரிவின் வேகம், இடம், கிழிந்ததா இல்லையா ஆகிய நான்கையும் வைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரே அளவுள்ள கட்டி இரைப்பையில் இருப்பதைவிடச் சிறுகுடலில் இருந்தால் ஆபத்து அதிகம்.

ஹெல்சிங்கி, மார்ச் 2000

இமாடினிப் ரத்தப் புற்றுக்காக உருவான மாத்திரை. நாட்பட்ட மைலாய்டு லுகேமியாவில் ஒரு கைனேஸ் நொதியை அடைப்பது அதன் வேலை. அதே மூலக்கூறு கிட் புரதத்தையும் அடைக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. ஃபின்லாந்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருவருக்கு 1996இல் இரைப்பையில் கட்டி எடுக்கப்பட்டு, பிறகு நோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. கீமோ உள்பட எல்லா வழிகளும் பார்த்தாயிற்று. ஹெல்சிங்கி மருத்துவர் ஹெய்க்கி யோயென்சு 2000 மார்ச்சில் அவருக்கு இமாடினிப் கொடுத்தார். ஒரு மாதத்தில் எடுத்த பெட் ஸ்கேனில் கட்டிகள் ஒளிரவில்லை. எட்டு மாதத்தில் கட்டிகளின் பரப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஒரே நோயாளியை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது மருத்துவ நெறி. ஆனால் அந்த ஸ்கேன் படங்களைப் பார்த்தபின் யாராலும் சும்மா இருக்க முடியவில்லை. அதே ஆண்டு தொடங்கிய ஆய்வில் 147 பேர் சேர்ந்தனர். பாதிக்கு மேற்பட்டோருக்குக் கட்டி சுருங்கியது. 2002 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

பரவிய ஜிஸ்ட் நோயாளிகளின் சராசரி ஆயுள் அதுவரை ஒன்றரை ஆண்டுதான். இமாடினிப் வந்தபின் அது ஐந்து ஆண்டை நெருங்கியது. ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் பத்தாண்டையும் கடந்தனர்.

மாத்திரையோடு வாழ்தல்

வழக்கமான அளவு நாளுக்கு 400 மில்லிகிராம். உணவோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் விழுங்க வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், தசைப் பிடிப்பு, குமட்டல், வயிற்றுப்போக்கு ஆகியவை அடிக்கடி வரும் பக்கவிளைவுகள். கிட் மரபணுவின் எக்ஸான் 11 பகுதியில் பிறழ்வு உள்ளவர்களுக்கு மருந்து நன்றாகக் கேட்கும். எக்ஸான் 9 என்றால் 800 மில்லிகிராம் வரை தேவைப்படலாம். பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ.வின் டி842வி பிறழ்வுக்கு இமாடினிப் பயன்படாது. அதற்கென்று அவாப்ரிடினிப் 2020இல் வந்தது. இதனால்தான் மாத்திரை தொடங்கும் முன்பே மரபணுப் பரிசோதனை கேட்க வேண்டும். அதைச் செய்யாமல் மாத்திரை எழுதுவது இருட்டில் கல் எறிவதுதான்.

சிகிச்சையின்போது ஸ்கேனைப் படிப்பதற்கும் தனிப் பக்குவம் வேண்டும். மருந்து வேலை செய்யும்போது கட்டி உள்ளே கூழாகி, சில சமயம் பெரிதாகக்கூடத் தெரியும். அளவை மட்டும் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்திவிடக் கூடும். சி.டி. ஸ்கேனில் அடர்த்தி குறைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லும் சோய் அளவுகோல் 2007இல் வந்தது.

கட்டி அடங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தலாமா? பரவிய நோயில் கூடாது. ஃபிரான்சில் ஓர் ஆய்வில் ஒன்று, மூன்று, ஐந்து ஆண்டு கழித்து நிறுத்திப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு நோய் திரும்பியது. அறுவைக்குப் பின் அபாயம் அதிகமுள்ளவர்களுக்குக் கொடுப்பது வேறு கணக்கு: மூன்று ஆண்டு. ஓராண்டு மட்டும் சாப்பிட்டவர்களைவிட மூன்றாண்டு சாப்பிட்டவர்கள் கூடுதலாகப் பிழைத்தது 2012இல் வெளியான வட ஐரோப்பிய ஆய்வில் தெரிந்தது.

பரவிய நோயில் இரண்டு ஆண்டு வாக்கில் பலருக்குக் கட்டி புதிய பிறழ்வைச் சேர்த்துக்கொண்டு மருந்தை மீறத் தொடங்கும். அடுத்தடுத்த கட்டங்களுக்கு சுனிடினிப், ரெகோராஃபெனிப், ரிப்ரெடினிப் ஆகியவை உண்டு. ஆனால் இவை எதுவும் இமாடினிப் தந்த அளவு காலத்தைத் தருவதில்லை.

சென்னை வழக்கு

இமாடினிப்பின் இந்திய விலையைத் தீர்மானித்த வழக்கு சென்னையில் தொடங்கியது. நோவார்ட்டிஸ் நிறுவனம், கிளிவெக் என்ற பெயரில் விற்ற அந்த மருந்தின் படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். அது 2006 ஜனவரியில் நிராகரிக்கப்பட்டது. தெரிந்த மருந்தின் புதிய வடிவத்துக்கு, குணப்படுத்தும் திறன் கூடினாலொழியக் காப்புரிமை கிடையாது என்ற 3(டி) பிரிவை எதிர்த்து நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று காப்புரிமை இல்லை என்று இறுதியாகத் தீர்ப்பளித்தது. அசல் மருந்து மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல், இந்தியப் பிரதி பத்தாயிரம் ரூபாயை ஒட்டி என்பது அந்நாளைய வித்தியாசம். நிறுவனம் ஏழை நோயாளிகள் பலருக்கு இலவசமாகவும் கொடுத்துவந்தது. அதையும் சொல்ல வேண்டும். 2015இல் உலக சுகாதார நிறுவனம் இமாடினிப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இன்னும் பிடிபடாத வகை

கிட், பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ. இரண்டிலும் பிறழ்வு இல்லாத ஜிஸ்ட்களில் முக்கியமானது எஸ்.டி.ஹெச். என்ற நொதி குறைபட்ட வகை. குழந்தைகளுக்கும் இளம்பெண்களுக்கும் இரைப்பையில் வருவது பெரும்பாலும் இதுவே. ஒரே இடத்தில் பல கட்டிகள் இருக்கும், நிணநீர்க் கணுவுக்கும் பரவும், இமாடினிப்புக்கு அனேகமாக அசையாது. ஆனால் கல்லீரலில் பரவிய பிறகும் பல ஆண்டுகள் மெதுவாகவே நகரும் என்பது இதன் விசித்திரம். ஆகவே அவசரப்பட்டுப் பெரிய அறுவைகள் செய்வதைவிடக் கவனித்துக் காத்திருப்பதே பல சமயம் நல்லது. இவர்களில் பலருக்கு மரபணுக் கோளாறு பிறவியிலேயே வந்தது. அதனால் அவர்களுக்கும் உடன்பிறந்தோருக்கும் மரபணு ஆலோசனை தேவை. ரத்த அழுத்தத்தை எகிறவைக்கும் பாராகாங்லியோமா என்ற இன்னொரு கட்டியும் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.