கல்லும் சோறும்

நேயர்களே, எகிப்தின் பிரமிட்டுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால், 'அவ்வளவு பெரிய கற்களை எப்படி ஏற்றினார்கள்?' என்பதே நமது முதற் கேள்வி. ஆராய்ச்சியாளர் அதற்கு ஓரளவு விடை கண்டிருக்கின்றனர். அசுவானில் கருங்கல்லை டோலரைட் என்னும் கடுங்கற்களால் இடித்திடித்து வெட்டினர். நைல் நதியில் படகேற்றினர். சறுக்குவண்டியில் வைத்து, மணலில் நீர் ஊற்றி இழுத்தனர். கூபு மன்னனின் பெரிய பிரமிட்டில் அடுக்கப்பட்ட கற்கள் ஏறத்தாழ 23 இலட்சம்.

எனக்குப் பெரிதாகப்படுவது வேறொரு கேள்வி. கல்லை இழுத்தவனுக்குச் சோறு போட்டது யார்?

2013இல் செங்கடற் கரையிலே, வாடி அல்-ஜர்ஃப் என்னுமிடத்தில், மெரர் என்ற அதிகாரியின் நாட்குறிப்பு பாப்பிரசுத் தாளில் கிடைத்தது. தூராவிலிருந்து சுண்ணக்கல் ஏற்றிச் சென்ற தம் படகுக் குழுவின் அன்றாட வேலையை அவர் அதில் எழுதிவைத்தார். உடன் கிடைத்த ஏடுகளில் உணவுக் கணக்கும் உண்டு. கீசாவில் தொழிலாளர் குடியிருப்பைத் தோண்டியபோது அப்பம் சுட்ட இடங்கள் வெளிப்பட்டன. சாட்டையடியில் எழுந்ததே பிரமிட்டு என்ற பழங்கதை இவற்றால் ஆட்டங்கண்டது.

நம் நாட்டுக்கு வருவோம். துட்டகைமுனு அநுராதபுரத்தில் மகாதூபியை எழுப்பியபோது, கூலியின்றி எவரும் வேலை செய்யலாகாது என்று கட்டளையிட்டதாக மகாவம்சம் கூறும். அத்திவாரக் கற்களை, காலில் தோல் கட்டிய யானைகளைக் கொண்டு மிதிப்பித்த செய்தியும் அதிலே உண்டு. பின்னர் மகாசேனன் தொடங்கிய ஜேதவன தூபிக்கு 9 கோடிக்கு மேற்பட்ட செங்கற்கள் சென்றன என்பது மதிப்பீடு. சுமார் 122 மீற்றர் உயர்ந்த அது, அன்றைய உலகில் கீசாவின் இரு பெரும் பிரமிட்டுகளுக்கு அடுத்ததாக நின்றது.

சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்திலே அத்தகைய உயரம் இல்லை. ஆனால் என் கேள்விக்கு விடை தரும் சாசனம் ஒன்று அங்கே இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு, வடமொழியில், கிரந்த எழுத்தில் பொறிப்பித்தது. அதன் பொருள் நிலக்கொடை. நிலம் என்றால் நெல். நெல் என்றால் பூசைக்கு நைவேத்தியம், பணியாளருக்குச் சோறு.

1578இல் போர்த்துக்கீசர் அக்கோயிலை இடித்தனர். அதன் அடித்தளத்தின் மீதே யேசுசபையார் தம் தேவாலயத்தை அமைத்தனர். 1753இல் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் கோயிலை மீளக் கட்டுவித்தான்.

பிரமிட்டு மன்னர்களுக்கும் பூசனை நடத்தவென்று நிலங்கள் விடப்பட்டிருந்தன. காலப்போக்கில் அந்த ஏற்பாடு குலைந்தது, பூசனை நின்றது, கல் மட்டும் எஞ்சியது. முன்னேஸ்வரத்திலோ கல் சரிந்தது, வழிபாடு எஞ்சியது. வழிபட ஆள் இருந்தபடியால் கல் மீண்டும் ஏறிற்று. இன்றும் அங்கே தமிழரும் சிங்களவரும் அருகருகே நின்று கும்பிடுகின்றனர்.

ஆகவே நேயர்களே, பழங்கட்டடம் ஒன்றின் முன் நிற்கும்போது அதன் உயரத்தோடு, அங்கே உலை மூட்டியவர்களையும் ஒருகணம் எண்ணிப்பாருங்கள். கல்வெட்டுகளில் அவர்கள் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை.