முதல், வழி, சார்பு: விளையாட்டு மாதிரிகளில் பெயருரிமைப் பூசல்கள்

முன்னுரை

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு இராசகோபுரம் பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் உடையது. விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர் (1509–1529) தொடங்கிய இத்திருப்பணியைத் தஞ்சை நாயக்கர் மரபின் செவ்வப்ப நாயக்கர் நிறைவு செய்தார். தொடங்கியவர், முடித்தவர் ஆகிய இருவர் பெயரும் நிலைத்துள்ளன. அளந்து வகுத்த சிற்பாசாரிகள் பொதுநினைவில் இடம்பெறவில்லை. அதே பேரரசரின் திருப்பணியோடு தொடர்புடைய சிதம்பரம் வடக்குக் கோபுரத்திலோ சிற்பாசாரிகளின் உருவங்கள் பெயர்ப்பொறிப்புடன் காணப்படுகின்றன. பலர் கைபட்ட ஆக்கத்தில் எவர் பெயரைப் பொறிப்பது என்னும் வினா பழமையானது என்பது இதனால் புலனாகும். விளையாட்டுகளுக்காக ஆர்வலர்கள் உருவாக்கிப் பகிரும் முப்பரிமாண மாதிரிகளில் இன்று அவ்வினா மீண்டும் எழுந்துள்ளது. அதனைத் தமிழ் நூல்மரபின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேருந்து மாதிரிகள்

இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ என்னும் கைப்பேசி விளையாட்டில், ஆடுவோர் தாம் விரும்பும் வண்டி மாதிரிகளை இணைத்துக்கொள்ள இயலும். தமிழகத்திலும் கேரளத்திலும் உள்ள ஆர்வலர்கள் தம் ஊர்ச் சாலைகளில் ஓடும் அரசுப் பேருந்துகளையும் தனியார் பேருந்துகளையும் இதற்கென வடிவமைத்துப் பகிர்கின்றனர். ஒரு மாதிரி உருப்பெறுவதில் பல படிநிலைகள் உள்ளன. உடல் வடிவை அமைத்தல், மேற்பரப்பு வண்ணம் தீட்டல், விளக்கு, ஒலி முதலியவற்றைச் சேர்த்தல், விளையாட்டுக்குரிய கோப்பாக மாற்றுதல் ஆகியவற்றை வெவ்வேறு நபர்கள் செய்தல் கூடும். இவ்வுழைப்புக்குப் பெரும்பாலும் ஊதியமில்லை; பெயர் ஒன்றே கைம்மாறு. எனவே பெயர் நீக்கப்படும்போது உழைப்பின் பயன் முழுவதும் பறிபோகிறது.

பூசல்கள் சில வகையினவாக அமைகின்றன. பிறர் மாதிரியின் வண்ணத்தை மட்டும் மாற்றித் தமதென வெளியிடல் ஒன்று. வேறொரு விளையாட்டுக்குரிய மாதிரியை இசைவின்றி மாற்றியமைத்தல் மற்றொன்று. இலவசமாகப் பகிரப்பட்டதை விலைக்கு விற்றல் பிறிதொன்று. இவற்றுக்கு அஞ்சும் படைப்பாளர் கோப்புகளைப் பூட்டிவிடுகின்றனர். அதனால், பிறர் மாதிரியைப் பிரித்துப் பார்த்துக் கற்கும் வாய்ப்பினைப் புதியோர் இழக்கின்றனர்.

இச்சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2015 ஏப்ரலில் வால்வ், பெதஸ்தா நிறுவனங்கள் ‘ஸ்கைரிம்’ விளையாட்டுக்கான ஆர்வலர் ஆக்கங்களை விலைக்கு விற்கும் முறையைக் கொணர்ந்தன. விற்பனைக்கு வந்த ஓர் ஆக்கம் மற்றொருவரின் அசைவுக் கோப்புகளைச் சார்ந்திருந்தமையால் பூசல் எழுந்து, அது திரும்பப் பெறப்பட்டது. சில நாள்களிலேயே அம்முறையும் கைவிடப்பட்டது.

சட்டத்தின் நிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 57, உரிமையை விற்ற பின்னரும் ஆக்கியோன் எனத் தன்னைக் கூறிக்கொள்ளும் உரிமையைப் படைப்பாளருக்கு அளிக்கிறது. புதுதில்லி விஞ்ஞான் பவனிலிருந்து அகற்றப்பட்டுச் சிதைந்த தம் சுவர்ச்சிற்பம் தொடர்பாகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005-இல் தில்லி உயர்நீதிமன்றம் எஞ்சிய பகுதிகளை அவரிடம் ஒப்படைக்கவும் ஐந்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. ஆயினும் ஊதியமின்றி மாதிரி செய்யும் இளைஞர் வழக்கு மன்றத்தை நாடுதல் எளிதன்று. ஆகவே குழுவின் வழக்காறே அவருக்கு உண்மையான காப்பாகும்.

நூல்மரபு காட்டும் நெறி

நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்துகிறது. வினையின் நீங்கிய இறைவன் செய்ததே முதல்நூல் என்கிறது. எனில், மனிதர் ஆக்கங்கள் வழியாகவோ சார்பாகவோ அமைவது இயல்பே, அதில் இழிவில்லை. பேருந்து மாதிரியும் உண்மைப் பேருந்தின் கூடு கட்டியோரது வடிவமைப்பைப் பின்பற்றியதேயாம். அதனை முற்றும் தமதென உரிமை கொண்டாடுவோரும் ஒரு வழியினரே.

நன்னூல் சிறப்புப்பாயிரத்தில் கூற வேண்டிய எட்டனுள் ஆக்கியோன் பெயரை அடுத்து வழியையும் வைக்கிறது. இவ்விரண்டும் தனித்தனிச் செய்திகள். இன்றைய பூசல்களில் பெயர் பற்றியே வாதிடப்படுகிறது, வழி மறக்கப்படுகிறது. வண்ணம் தீட்டியவர் தம் பெயரைப் பொறித்தல் தவறன்று. உடல் வடிவம் வந்த வழியை மறைத்தலே தவறு.

முடிவுரை

வெளியிடப்படும் ஒவ்வொரு கோப்புடனும் ஒரு சிறு பாயிரம் இணைதல் வேண்டும். எப்படிநிலையை எவர் செய்தார், மூலம் யாது, மாற்றவும் பகிரவும் இசைவு உண்டா என்பன அதில் இடம்பெறுதல் தகும். பெயர் சுட்டுதல் இசைவுக்கு ஈடாகாது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. வழி தெளிவாகப் பதியப்பெறின் கோப்புகளைப் பூட்ட வேண்டிய தேவை குறையும். கற்க விழைவோருக்குக் கதவும் திறந்திருக்கும்.